சிலந்தியும் குளவியும்: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து அச்சத்தைப் பற்றி ஒரு விசாரணை

1. கேள்வி

மனிதர் சிலந்திக்கு ஏன் அஞ்சுகிறார்கள் என்று உளவியலாளர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். எல்லோரும் அஞ்சுகிறார்கள் என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அஞ்சுகிறவர்கள் யார், எங்கே வாழ்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பாகிவிடுகின்றன. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை முன்வைத்து அந்த முடிவைச் சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே விரிந்த நிலம் அல்ல சப்ரகமுவ. எஹெலியகொட, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை ஒரு பக்கம்; எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய மறுபக்கம். தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களும் வீட்டுத் தோட்டங்களும் காட்டுத் துண்டுகளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. 1988-ல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதி இரத்தினபுரி மாவட்டத்துக்குள் வருகிறது. மழையும் நிழலும் பூச்சியும் மிகுந்த இந்த மண் சிலந்திக்கு உகந்தது. இலங்கையில் 500-க்கு மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன.

இறப்பர் மரங்களின் இடைவெளியில் நெஃபிலா பிலிப்பெஸ் என்னும் பெருஞ்சிலந்தி பொன்னிற வலை கட்டுகிறது. பெண் சிலந்தியின் உடல் மட்டும் ஐந்து சென்ரிமீற்றர் வரை வளரும். ஆண் அதன் பக்கத்தில் ஒரு துணுக்கு. விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் முகத்தில் முதலில் படுவது இந்த வலைதான். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை நாள் முழுவதும் சிலந்திகள் வாழும் தூருக்குள் போய்வருகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயன் காம்பராவின் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று, தட்டையான முட்டைப் பையை மார்போடு அணைத்தபடி கரப்பான் வேட்டையாடுகிறது. சிலந்தியச்சம் மனித உடலில் பிறவியிலேயே பதிந்தது என்றால், அது துலங்கித் தெரியவேண்டிய இடம் இது.

2. ஆய்வுகூடம் சொல்வது

1971-ல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் முன்வைத்த கருத்திலிருந்து தொடங்கலாம். பாம்பு, சிலந்தி, உயரம் போன்ற சிலவற்றுக்கு அஞ்சுவதை மனிதர் மிக விரைவாகக் கற்கிறார்கள். மின்செருகி போன்ற புதிய ஆபத்துகளுக்கு அவ்வளவு எளிதில் அஞ்சுவதில்லை. பரிணாமம் அவர்களை அதற்கு ஆயத்தம் செய்திருக்கிறது என்றார் அவர். பிறவி அச்சம் என்று அவர் சொல்லவில்லை, கற்கும் ஆயத்தம் என்றே சொன்னார். பின்வந்த எளிய நூல்கள் பல இந்த வேறுபாட்டை அழித்துவிட்டன. சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980-களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. வேறொரு குரங்கு பாம்புக்கு அஞ்சுவதைப் பார்த்தபின் அஞ்சின. பூவுக்கு அஞ்சுவதுபோலத் தொகுத்த படத்தைக் காட்டியபோது அந்த அச்சம் தொற்றவில்லை.

2017-ல் ஸ்டெஃபனி ஹோயலும் சக ஆய்வாளரும் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்தி, பாம்புப் படங்களைக் காட்டினார்கள். பூவையும் மீனையும் பார்த்ததைவிட அவற்றைப் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி விரிந்தது. நாளிதழ்கள் இதைப் பிறவி அச்சத்துக்குச் சான்று என்று அறிவித்தன. கண்மணி விரிவது உடல் விழிப்பின் அடையாளம். அச்சத்தால் மட்டும் நேர்வதல்ல. குழந்தை சிலந்தியைக் கவனிக்க ஆயத்தமாகப் பிறக்கிறது என்பதுவரை இந்தச் சான்று நம்மைக் கொண்டுசெல்கிறது. அதற்கு மேல் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் ஊகம்.

எதிர்த்தரப்பில் கிரகாம் டேவி நிற்கிறார். ஐரோப்பியரின் சிலந்தியச்சத்தில் கடிபடும் பயத்தைவிட அருவருப்பே மேலோங்கியது, அந்த அருவருப்பு நோயோடும் கொள்ளைநோய்க் காலத்து நம்பிக்கைகளோடும் பின்னியது என்று 1994-ல் வாதிட்டார். 1998-ல் அவரும் பிறரும் ஏழு நாடுகளில் விலங்கச்சங்களை ஒப்பிட்டபோது, அருவருப்போடு இணைந்த உயிரினங்கள்மீது யப்பானிய மாதிரியில் அச்சம் கூடுதலாகவும் இந்திய மாதிரியில் குறைவாகவும் இருந்தது. எந்த விலங்குகள் ஒரே குழுவில் சேரும் என்பது நாடுகளுக்கிடையே ஒத்திருந்தது. அச்சத்தின் அளவு ஒத்திருக்கவில்லை.

நம் விசாரணைக்கு மிக நெருங்கிய ஆய்வு 2009-ல் ஜேர்மனியில் வந்தது. கெர்டெஸ், ஊல், அல்பெர்ஸ் ஆகியோர் மாணவர்களுக்குச் சிலந்தி, தேனீ, குளவி, வண்டு, வண்ணத்துப்பூச்சிப் படங்களைக் காட்டினார்கள். சிலந்திப் படங்களே மிகுந்த அச்சத்தையும் அருவருப்பையும் எழுப்பின. ஐரோப்பாவில் தேனீயும் குளவியும் கொட்டி இறப்பவர்கள் உண்டு. சிலந்தி கடித்து இறப்பது அங்கே ஏறத்தாழ இல்லை. ஆகவே இந்த அச்சம் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப எழுவதல்ல, சிலந்தி ஒரு தனி வகை என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அந்த மாணவர்களைப் பொறுத்தவரை முடிவு சரியாக இருக்கலாம். அதை மனித இனத்துக்கே பொதுவாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

3. ஏற்பாட்டால் அளத்தல்

வினாக்கொத்தில் ஒன்று முதல் பத்துவரை எண் போடச் சொல்லி அச்சத்தை அளக்கலாம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. படத்தைப் பார்த்து எண் போடுவதற்கு யாரும் எதையும் செலவழிப்பதில்லை. ஓர் ஆபத்துக்காக ஒரு சமூகம் என்ன ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது, எதற்காக வேலையை நிறுத்துகிறது, எதற்காகக் கையில் பொருள் கொண்டுபோகிறது, எதைச் செய்தியாகப் பேசுகிறது என்று பார்ப்பது வேறொரு அளவுகோல். உழைக்கும் மக்களின் அச்சத்துக்கு இதுவே நம்பகமான கோல் என்பது என் துணிபு.

இந்தக் கோலால் அளந்தால் தோட்டத்தில் முதலிடம் குளவிக்கு. குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட செய்தி மலையகத்தின் நிரந்தரச் செய்தி. மாவட்டமும் தோட்டமும் ஆள்தொகையும் மாறும், வாக்கியம் மாறுவதில்லை. இறப்புகளும் நேர்கின்றன. பேச்சுவழக்கில் குளவி என்பது மரத்திலும் பாறையிலும் பெருங்கூடு வைக்கும் காட்டுத் தேனீயையும் சேர்த்தே குறிக்கும். கூடு கலைந்தது தெரிந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும், ஓடும்போது முகத்தையும் தலையையும் துணியால் மூடவேண்டும் என்பது வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று. கூட்டை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பது நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே தீராத வழக்கு. அச்சம் இங்கே தொழில் உரிமைப் பிரச்சினையாகவே மாறிவிட்டது.

அடுத்து அட்டை. அது கொல்வதில்லை, ஆனாலும் உப்பும் சுண்ணாம்பும் சவுக்காரமும் அதற்கென்றே காலில் ஏறுகின்றன. பிறர் உழைப்பை உறிஞ்சுபவருக்கு உருவகமாக மலையகக் கவிதையிலும் மேடையிலும் தேய்ந்துபோகும் அளவுக்குப் புழங்கியதும் அட்டையே. பாம்பைப் பற்றி எண்களே பேசும். இலங்கை முழுவதையும் தழுவி 2012-13-ல் நடத்தி 2016-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஓராண்டில் 80,000-க்கு மேற்பட்ட பாம்புக்கடிகளும் 464 இறப்புகளும் நேர்ந்ததாக மதிப்பிட்டது. தோட்டத் தரையின் சருகுக்குள் கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியன் ஈரவலயத்தில் அடிக்கடி கடிக்கும் பாம்பு. இவற்றுக்கெல்லாம் மேலே மண்சரிவு. 2016 மே மாத மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கியது. புளத்கொஹுபிட்டியவில் மண்ணுக்குள் போனவை தோட்ட லயன் வீடுகள்.

சிலந்திக்கு இந்த வரிசையில் எந்த ஏற்பாடும் இல்லை. வலையைக் கையால் விலக்கிவிட்டு வேலை நடக்கிறது. மேலைக் கணக்கெடுப்புகளில் சிலந்தியச்சம் பெண்களிடமே மிகுதி. இங்கே பெரும்பாலும் பெண்களின் கைகளே சிலந்தி உள்ள தூருக்குள் புகுகின்றன என்பதை அந்தக் கணக்குகளோடு பொருத்திப் பார்க்கவேண்டும். பழக்கம் அச்சத்தை மழுங்கடித்துவிட்டது என்று செலிக்மனின் வழிவந்தவர்கள் மறுமொழி சொல்லக்கூடும். ஆனால் பழக்கம் குளவியச்சத்தையும் அட்டை அருவருப்பையும் மழுங்கடிக்கவில்லையே! திரும்பத் திரும்பக் கண்டும் தீங்கு வராதபோதுதான் அச்சம் மழுங்கும். ஜேர்மன் மாணவர் குளவியைவிடச் சிலந்திக்கு அஞ்சியது குளவியோடு வேலை செய்யத் தேவையில்லாத வாழ்வின் விளைவாகவும் இருக்கலாம். காம்பராவில் சுவரேறும் பெரிய சிலந்தியைக் கண்டு பிள்ளைகள் அலறுவதும், விளக்குமாறு தேடப்படுவதும் தோட்டத்திலும் உண்டு. திடுக்கிடலை நான் மறுக்கவில்லை. அது அச்சமாக வளர்ந்து நிலைபெற இங்கே இடம் கிடைக்கவில்லை என்கிறேன்.

4. பழி சுமக்கும் உயிர்

அச்சம் இல்லை என்றால் சிலந்திக்கு நற்பெயர் என்று பொருளல்ல. விடிந்து எழும்போது கழுத்திலோ கையிலோ கோடுபோட்டாற்போல் கொப்புளங்கள் இருந்தால், எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்று சொல்வது தமிழர் வாழும் ஊர்களில் பரவலான வழக்கு. இத்தகைய கொப்புளங்கள் பலவற்றுக்குக் காரணம் பெடரஸ் என்னும் ஒல்லியான வண்டு. ஈரநிலங்களில் வாழ்ந்து இரவில் விளக்கொளிக்கு வரும் இதனைத் தூக்கத்தில் நசுக்கினால், உடல் நீரிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலை எரிக்கிறது. கொப்புளம் தோன்றுவது மறுநாள். அதற்குள் வண்டு இருந்த தடமே இராது. சுவரில் கண்ணுக்குத் தெரிகிற உயிர் சிலந்தி ஒன்றுதான், ஆகவே பழி அதற்கு. அக்கி எனப்படும் நரம்புக் கொப்புளமும் சில இடங்களில் இதே கணக்கில் சேர்கிறது. பழந்தமிழ் மருத்துவ வழக்கில் ஒருவகைக் கட்டிக்கும் சிலந்தி என்று பெயர் இருந்ததால், இந்தப் பழி இன்று நேற்று வந்ததல்ல. தேயிலை இலையைச் செம்பழுப்பாக்கும் நுண்பேனும் தோட்டத்தில் சிவப்புச் சிலந்தி என்ற பெயரில்தான் திட்டு வாங்குகிறது.

இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அமெரிக்க மருத்துவர்களும் இதையே செய்தார்கள் என்பதை ரிக் வெட்டர் என்ற பூச்சியியலாளர் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டிவந்தார். லொக்சோசெலிஸ் வகை நச்சுச் சிலந்தி வாழாத மாநிலங்களில்கூட, காரணம் தெரியாத தோல் அழுகல்கள் அந்தச் சிலந்தியின் கடி என்று மருத்துவமனைகளில் பதிவாகின. அவற்றுள் பல பக்டீரியாத் தொற்றுகள். கன்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் அந்தச் சிலந்திகள் 2,055 பிடிபட்டன. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களில் ஒருவருக்கும் கடிபட்ட தடயம் இல்லை என்று 2002-ல் அவரும் டயான் பார்கரும் எழுதினார்கள். காணாத காரணத்துக்குக் கண்ட உயிரைப் பொறுப்பாக்கும் பழக்கத்தில் லயன் காம்பராவுக்கும் அமெரிக்க மருத்துவமனைக்கும் பெரிய தூரமில்லை.

ஆனால் டேவியின் வாதத்துக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நோயோடு இணைத்ததால் ஐரோப்பாவில் சிலந்தி அருவருப்பும் அச்சமும் ஆயிற்று என்றார் அவர். தமிழ் வழக்கிலும் நோயோடான இணைப்பு உண்டு. வீட்டில் ஒட்டடை தொங்கினால் மூதேவி குடிகொள்வாள் என்ற நம்பிக்கையும் உண்டு. பொங்கலுக்கு முன் ஒட்டடை அடிக்காத வீடு கிடையாது. இவ்வளவு இருந்தும் அந்த இணைப்பு சிலந்தியைக் கண்டு ஓடவைக்கவில்லை. நோய்ப்பழி அச்சத்தைப் பிறப்பிக்கலாம், பிறப்பிக்காமலும் போகலாம். நோய்க்கான விளக்கத்தை அந்தச் சமூகம் வேறு எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

5. வேறு வயல்கள்

தென் இத்தாலியின் சலென்தோ பகுதியில் கோதுமையும் புகையிலையும் அறுவடையாகும் கோடையில், பெரும்பாலும் ஏழைப் பெண்கள், தரந்துலா கடித்ததாகச் சொல்லி விழுந்தார்கள். வயலினும் கஞ்சிராவைப் போன்ற பறையும் முழங்க நாட்கணக்கில் ஆடித் தெளிந்தார்கள். ஆண்டுதோறும் யூன் 29 அன்று கலத்தினா ஊரின் புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போனார்கள். எர்னெஸ்தோ தெ மார்த்தினோ 1959-ல் அங்கே களஆய்வு செய்து 1961-ல் எழுதிய நூல், இதை நஞ்சின் விளைவாகவோ வெறும் மனநோயாகவோ சுருக்க மறுத்தது. வாயால் சொல்ல முடியாத வாழ்வின் நெருக்கடிகளைச் சொல்ல அந்தப் பெண்களுக்குச் சிலந்தி ஒரு வடிவம் கொடுத்தது என்றார் அவர்.

வயலில் வேலை செய்யும் ஏழைப் பெண்கள், ஆட்டம், தெளிதல் என்ற இந்தப் படம் மலையகம் அறிந்தவருக்கு அந்நியமாக இராது. தோட்டத்தில் அந்த இடத்தில் சிலந்தி இல்லை. பயந்த கோளாறு என்றால் கோடாங்கி பார்ப்பார். உடுக்கை ஒலியில் வெளிப்படுவது முனியோ பேயோ நிறைவேறாமல் இறந்தவரோ. தோட்ட வேலைக்கே தனித் தெய்வங்கள் எழுந்தன. ஆலையின் சக்கரத்துக்கு ரோதை முனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச் சாமி. நெருக்கடிக்கு வடிவம் கொடுக்கும் வேலையை இவை எடுத்துக்கொண்டபோது சிலந்திக்கு அங்கே வேலை மிஞ்சவில்லை.

கரீபியனின் கரும்புத் தோட்டங்கள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. மேற்கு ஆபிரிக்க அக்கான் மக்களின் அனன்சி என்ற சிலந்திக் கதைமாந்தனை அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் யமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள். சிறிய உடம்பும் பெரிய தந்திரமும் கொண்ட அனன்சி புலியை ஏய்க்கும்போது கேட்பவருக்குத் துரையின் முகம் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணியோடு வந்தவர்களின் மூட்டையில் தந்திரம் செய்ய நரி இருந்தது, பிற்காலத்துக்குத் தெனாலிராமன் இருந்தான். ஒரே வகைச் சுரண்டலுக்கு உட்பட்ட இரு சமூகங்கள் ஒரே உயிரை நாடவில்லை. எந்த உயிர் எதைச் சுமக்கும் என்பதை வரும்போது கொண்டுவந்த கதைகளே தீர்மானித்தன.

6. அரசனான சிலந்தி

அப்படியானால் தமிழ்க் கதைமரபில் சிலந்தி எதைச் சுமந்தது? அகநானூற்றின் பாலைப் பாட்டொன்றில் இலையுதிர்ந்த வறண்ட கிளையைச் சிலம்பியின் நூல் சுற்றியிருக்கிறது. ஆள் நடமாட்டம் அற்ற வழியின் அடையாளம் அது. அச்சம் வழியில்தான் உள்ளது, சிலந்தியில் இல்லை.

கோச்செங்கட் சோழன் கதையே இதில் தலையாயது. திருவானைக்காவில் நாவல் மரத்தடி இலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி நூலால் பந்தல் இழைத்தது. அதே இலிங்கத்தை நீராட்டி வழிபட்ட யானை அந்தப் பந்தலைத் தூய்மைக் குறைவு என்று கருதிச் சிதைத்தது. மீண்டும் இழைத்தது, மீண்டும் சிதைந்தது. இறுதியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் அறைய, இரண்டும் இறந்தன. சிலந்தி சோழர் குடியில் பிறந்தது. நல்ல வேளை வரும்வரை தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்லிப் பிறப்பைத் தாமதித்ததால் குழந்தையின் கண் சிவந்திருந்தது. அரசனாகி யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவனை அறுபத்துமூவரில் ஒருவனாகப் பாடினார். தேவாரத்திலேயே இந்தக் கதைக்கு இடம் இருக்கிறது.

வழக்கமான வாசிப்பு இதைப் பக்திக்கு உயர்வு தாழ்வு இல்லை என்ற பாடமாகச் சுருக்கும். கதை அதைவிடக் கூர்மையானது. யானையின் பார்வையில் ஒட்டடை அசுத்தம், சிலந்தியின் பார்வையில் அதுவே திருப்பணி. சிலந்தியின் நஞ்சு கொல்லும் என்பதைக் கதை மறைக்கவில்லை. சினத்தையும் மன்னிக்கச் சொல்லவில்லை. மறுபிறவியிலும் அந்தச் சினம் ஓயாமல் படிக்கட்டாகவும் மேடையாகவும் கல்லில் எழுகிறது. இவ்வளவு வலிமை கொண்ட சிலந்தியை முன்வைத்தும் கதை யாரையும் அதற்கு அஞ்சச் சொல்லவில்லை. இலங்கைப் பாடசாலைகளில் சைவநெறி பயிலும் பிள்ளைகளுக்கு நாயன்மார் வரலாறுகள் பாடப்பொருள். ஸ்கொத்லாந்து அரசன் ரொபர்ட் புரூஸ் குகையில் சிலந்தியைக் கண்டு விடாமுயற்சி கற்ற கதையும் அவர்கள் காதில் விழுகிறது. வால்டர் ஸ்கொட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் பேரனுக்காக எழுதிய வரலாற்றுக் கதைகளின் வழியே பரவிய அது, இன்னும் பாடுபடு என்று போதிக்கிறது. பாடுபடுவதில் குறைவைக்காத தோட்டத்துப் பிள்ளைக்கு, சிதைத்தவனைக் கேள்வி கேட்ட சிலந்தியையே நான் பரிந்துரைப்பேன்.

மலைச்சரிவின் கீழ்ப்பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒலிக்கும் தம்மபதத்தில் வேறொரு சிலந்தி இருக்கிறது. பேரழகியான கேமாவை முன்னிட்டுச் சொல்லப்பட்டதாக உரைகள் கூறும் 347-ஆம் பாட்டு, ஆசையில் தோய்ந்தவர் தாமே பின்னிய வலைக்குள் விழும் சிலந்தியைப் போன்றவர் என்கிறது. சைவக் கதையில் வலை பிறருக்கான நிழல். பௌத்தப் பாட்டில் அது தனக்கான சிறை. இரண்டிலும் சிலந்தி மனிதருக்கு நேர்நிகரான உயிர். இருட்டிலிருந்து மேலே பாயும் அந்நியன் அல்ல.

7. பெயரிட்டவரும் கடிபட்டவரும்

சப்ரகமுவக் காடுகளில் உண்மையாகவே விலகி நிற்கவேண்டிய சிலந்தி ஒன்று உண்டு. சிங்களத்தில் திவிமகுளுவா எனப்படும் பொயெசிலொதீரியா பேரினம். ஈரவலயத் தாழ்நிலத்துக்குரிய ஒர்னாட்டா இனம் பட்டைபோட்ட கால்களோடு மரப்பொந்துகளில் வாழ்கிறது. இதன் உறவினங்களைப் பற்றி ஐரோப்பியர் முன்பே எழுதியிருந்தார்கள். எமர்சன் டெனன்ட் 1861-ல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இத்தகைய பெருஞ்சிலந்தி பறவையைக் கொல்லுமா என்ற விவாதத்துக்கு இடம் ஒதுக்கினார். லண்டன் அருங்காட்சியகத்தின் ரெஜினால்ட் பொகொக் 1899-ல் ஒர்னாட்டாவுக்குப் பெயரிட்டார். காடழித்துத் தோட்டம் போட்ட அதே பத்தாண்டுகள்தாம் இலங்கைச் சிலந்திகள் போத்தல்களில் கப்பலேறிய காலமும். மரத்தை வெட்டியவர், பொந்திலிருந்து உயிரைப் பிடித்துக் கொடுத்தவர் பெயர்கள் விவரணைகளில் இல்லை.

விதிவிலக்கு ஒன்று வடக்கிலிருந்து வருகிறது. 2009-ல் ஊரவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இறந்த ஆண் சிலந்தியில் தொடங்கி, மாங்குளம் பகுதியில் தேடிக் கண்ட புதிய இனத்தை ரணில் நாணயக்காரவும் சக ஆய்வாளரும் 2012-ல் விவரித்தார்கள். போர் ஓய்ந்த நிலத்தில் தங்களை வழிநடத்திய பொலிஸ் அதிகாரி மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் பெயரால் அதை ராஜேயி என்று அழைத்தார்கள்.

இந்தப் பேரினத்தின் கடி கடுமையானது. வலி அடங்கிய பிறகும் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். உறுதிப்பட்ட இறப்பு எதுவும் இல்லை. 2014-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் குழு ஒன்று, உறுதிசெய்யப்பட்ட ஒரு கடியை முன்வைத்து முந்தைய பதிவுகளையும் தொகுத்து, இவற்றின் நஞ்சு குறைத்து மதிப்பிடப்பட்டுள்ளது என்று எழுதியது. அந்தப் பதிவுகளில் கணிசமானவை சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் ஆர்வலர்களுடையவை. குளவியைவிடச் சிலந்திப் படத்துக்கு மாணவர் மிகுதியாக அஞ்சிய அதே கண்டத்தில், இலங்கைக் காட்டின் சிலந்திக்கு விலைகொடுத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். சந்தை பெருகியதால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019-ல் ஜெனீவாவில் கூடி இப்பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். இறப்பருக்கும் தேயிலைக்கும் நடுவே மிஞ்சியுள்ள காட்டுத் துண்டில் பொந்துள்ள பழைய மரத்தை வெட்ட அந்தப் பட்டியலின் அனுமதி எதுவும் தேவையில்லை.